ஆறு இலக்கம்

தேர்வு எழுதியது டிசம்பரில்.
தேறிவிட்டேன் என்று மார்கரெட் மிஸ் சொன்னது
பிரேயர் நடக்கும் தார்த்தரையில்
செருப்பு ஒட்டிக்கொண்ட ஒரு காலையில்.
மாதம் ஆயிரம், நாலு வருசம்.
எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
நர்கீஸ் மட்டும்
"ட்ரீட் எப்போ?" என்றாள்.

பிறகு காகிதங்கள் தொடங்கின.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசித் தேதி.

ஆதாரில் நான் பிரிசில்லா.
ரேஷன் அட்டையில் பிரிசிலா.
காணாமல் போன ஒரு 'ல்'லுக்காக
அம்மா இரண்டு நாள் கூலியை விட்டாள்.

தண்டையார்பேட்டை இ-சேவை மையம்.
"எஸ்தர்ராணி யாரு?"
அம்மா எழுந்தாள்.
"வூட்டுக்காரர் வருமானம்?"
"இல்ல."
"ஆள் இல்லையா, வருமானம் இல்லையா?"
"எது போட்டா சீக்கிரம் கிடைக்கும்?"

"விரலை வைம்மா."
வைத்தாள்.
"தொடச்சிட்டு வை."
முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள்.
கட்டை விரல், ஆள்காட்டி, இடது கை,
மறுபடியும் கட்டை விரல்.
பத்து விரலையும் தெரியாது என்றது மெஷின்.
காசிமேட்டில் பதினோரு வருசமாய்
ஐஸில் கிடந்த இறாலின் தோலோடு
தன் ரேகையையும் கொஞ்சம் கொஞ்சமாக
உரித்துப் போட்டிருக்கிறாள்.
எனக்கே அன்றுதான் தெரியும்.

"அப்ப ஓடிபிதான். போன் எடுத்தாந்தீங்களா?"

எடுத்துத்தான் வந்திருந்தோம்.
ஓடிபி போனது அதற்கில்லை.
ஆதார் எடுத்த வருசம்
எங்கள் வீட்டில் ஒரே போன்.
அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான்
அப்பா போனார்.
எண்ணூர்ப் பக்கம் வேறு வீடு.
ரெண்டு வருசம் ஆகிறது.

அம்மா சுவரில் இருந்த கட்டணப் பட்டியலைப்
படித்துக்கொண்டிருந்தாள்.
அவளுக்குப் படிக்கத் தெரியாது.

நான்தான் போட்டேன்.
நாலாவது மணியில் எடுத்தார்.
பின்னால் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன்.
துறைமுக வரிசையில்
ராத்திரியிலிருந்து நிற்கிற குரல்.
"யாரு?"
பேரைச் சொல்லவில்லை.
"ஒரு நம்பர் வந்திருக்கும். படிங்க."
கொஞ்ச நேரம் ஹாரன் மட்டும்.
"நாலு.
சைபர்.
ஏழு.
ஏழு."
வண்டியை எடுக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள்.
"இரு, வரேன்."
வைத்துவிட்டார்.

பத்து நிமிசத்தில் செத்துப்போகும் எண் அது.
செத்துப்போனது.
எங்களுக்குப் பின்னால் பதினாலு பேர்.
கவுன்டர்காரர் பெருமூச்சு விட்டு
இன்னொன்று அனுப்பினார்.

நான் போடும் முன்னால் அவரே கூப்பிட்டார்.
இந்த முறை ஆறையும் சொன்னார்.
திருப்பிச் சொல்லச் சொன்னார்.
சொன்னேன்.
"கரெக்டா?"
"கரெக்ட்."
"எதுக்கு இது?"
"ஸ்காலர்ஷிப்."
"உனக்கா?"
திரையில் பச்சை டிக் விழுந்தது.
"அறுபது ரூபா," கை நீட்டினார் கவுன்டர்காரர்.
அம்மா சில்லறையாக எண்ணினாள்.
அந்தக் கேள்விக்கு நான்
பதில் சொன்னேனா என்று
இப்போதும் ஞாபகம் வரவில்லை.

ஐப்பசி மழையில் பணம் ஏறியது.
வங்கிக் கணக்கும் அதே எண்ணில்தான்.
எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்தது.
ராத்திரி பத்தரைக்கு ஒரு அழைப்பு:
"பன்னண்டாயிரம் ஏறிருக்கு."
அவ்வளவுதான்.

கணக்கு கைடு வாங்க ஐந்நூறு எடுத்தோம்.
அம்மாவின் கடைவாய்ப்பல்லுக்கு எண்ணூறு.
கூரைத் தார்ப்பாய்க்கு ஒரு முறை.
ஸ்காலர்ஷிப் பணத்தில் தார்ப்பாயா என்றால்,
புத்தகம் நனையாமல் இருக்க வேண்டுமே.
எடுக்கும் ஒவ்வொரு தடவையும்
எங்கேயோ ஒரு லாரி கேபினில்
ஒரு சின்ன வெளிச்சம் வந்து போகும்.

"நம்பரை மாத்திடு" என்றாள் அம்மா.
வங்கியில் படிவம் கொடுத்தார்கள்.
பழைய எண் என்ற இடத்தை
யாரையும் கேட்காமல் நிரப்பினேன்.
புதிய எண்ணுக்குப் பத்துக் கட்டம்.
ஜியோமெட்ரி பாக்ஸில்
காம்பஸுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன்.

இதற்கு மட்டும்
கடைசித் தேதி எதுவும் போடவில்லை.